60 ஆயிரத்தைச் சுற்றி ஒரு லேப்டாப்: படிப்புக்கும் கேமுக்கும் சேர்த்து எப்படித் தேர்ந்தெடுப்பது?

கவுன்சிலிங் முடிந்து கல்லூரி திறக்கும் நேரத்தில் பல வீடுகளில் இதே பேச்சுதான். பிள்ளைக்கு வாலரண்ட் கேம் ஓட வேண்டும். அப்பாவுக்கு நாலு வருஷம் தாங்க வேண்டும். போட்ட கணக்குக்கு மேல் பத்தாயிரம் கூடிவிடக் கூடாது என்பது அம்மாவின் கவலை. மூன்றும் நியாயமான எதிர்பார்ப்புகள். 60 ஆயிரம் ரூபாயைச் சுற்றி மூன்றுக்கும் ஈடு கொடுக்கிற லேப்டாப் கிடைக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்த விலைக்கு விற்க வேண்டுமென்றால் கம்பெனிக்காரர்கள் எங்காவது செலவைக் குறைத்தாக வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் பிராசசர் பெயரிலும் கிராஃபிக்ஸ் கார்டு பெயரிலும் குறைக்க மாட்டார்கள். திரை, ராம் (தற்காலிக நினைவகம்) ஸ்லாட், கார்டுக்குக் கொடுக்கும் வாட் (மின்சக்தி), பேட்டரி என்று வாங்குபவர் கேட்காத இடங்களில்தான் குறைப்பார்கள். முதல் லேப்டாப் வாங்குபவர் அந்த இடங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரையில் அதிக இடம்.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன், ஆடப்போகும் கேம்களின் பெயர்களையும் பாடத்துக்குத் தேவையான மென்பொருள்களின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் கடைக்குப் போனால், விற்பவர் கையில் இருக்கும் சரக்குதான் உங்கள் தேவையாகிவிடும்.

வாலரண்ட், மைன்கிராஃப்ட் மட்டும்தான் என்றால் காட்சிகளை வரைவதற்கான தனி கிராஃபிக்ஸ் கார்டே தேவையில்லை. பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போதும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 அதைவிடக் கனமானது, அதற்குச் சின்ன கார்டு இருந்தால் நல்லது. ஜிடிஏ 5 பழைய கேம்; கணினிக்கு 2015இலேயே வந்துவிட்டது, இந்த விலையில் கார்டு உள்ள எந்த லேப்டாப்பிலும் ஓடும். சைபர்பங்க் 2077 மாதிரி பெரிய கதை கேம்கள் ஆட வேண்டும் என்றால்தான் கார்டில் பணத்தைப் போட வேண்டி வரும்.

படிப்புப் பக்கம், எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். கணினி அறிவியல் மாணவருக்கு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, விர்ச்சுவல் மெஷின் (ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்டுவது) இவற்றுக்கெல்லாம் ராம்தான் முதல் தேவை. மெக்கானிக்கல், சிவில் என்றால் சாலிட்வொர்க்ஸ், ரெவிட் போன்றவை விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதனால் மேக்புக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இவர்களுக்கு ஒத்துவராது. ஸ்னாப்டிராகன் பிராசசர் போட்ட விண்டோஸ் லேப்டாப்களையும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். பேட்டரி நன்றாக நிற்கும், ஆனால் பல கேம்களும் சில பாட மென்பொருள்களும் அவற்றில் ஒழுங்காக ஓடுவதில்லை. பி.காம். மாணவருக்கு டேலியும் எக்செல்லும் எந்தச் சாதாரண விண்டோஸ் லேப்டாப்பிலும் ஓடும். அங்கே கார்டுக்குக் கொடுக்கும் பணம் முழுக்க முழுக்க கேமுக்கான பணம். அது தெரிந்து செலவு செய்தால் தப்பில்லை.

ஏஐ படிக்கிறேன், அதற்காகவே பெரிய கார்டு வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுப் பயிற்சிகளுக்கு கூகுள் கோலாப் என்ற இணையதளம் இலவசமாகத் தரும் கார்டே போதும்.

இன்னொரு வழியையும் யோசித்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. உங்களுக்கு அரசு லேப்டாப் கிடைத்து, நீங்கள் ஹாஸ்டலில் இல்லாமல் வீட்டிலிருந்து போய்வருபவர் என்றால், வகுப்புக்கு அதை எடுத்துப் போய்விட்டு, கைக்காசில் வீட்டுக்கு ஒரு டெஸ்க்டாப் போடலாம். அதே காசுக்கு டெஸ்க்டாப்பில் கேம் நன்றாக ஓடும், சூடு தொல்லையும் குறைவு, பழுதானால் பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். என்னைக் கேட்டால் இந்த நிலையில் இருப்பவர்களுக்கு இதுதான் முதல் யோசனை.

கிராஃபிக்ஸ் கார்டு: பெயரோடு வாட்டையும் கேளுங்கள்

இந்த விலையில் மூன்று என்விடியா கார்டுகளை அதிகம் பார்ப்பீர்கள்: ஆர்டிஎக்ஸ் 2050, 3050, 4050. இதில் 2050ஐக் கார்டு இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதற்காகவே போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். 4 ஜிபி மெமரி, அதற்குத் தரவு போய்வரும் பாதையும் குறுகல், 64 பிட்தான். வாலரண்ட், ஜிடிஏ 5 ஓடும், புதிய கேம்களில் சீக்கிரம் திணறிவிடும். 3050 இரண்டு வகையில் வருகிறது: 4 ஜிபி, 6 ஜிபி. விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் 6 ஜிபியை எடுங்கள். புதிய கேம்கள் 4 ஜிபியைச் சீக்கிரம் நிரப்பிவிடுகின்றன. நிரம்பியதும் கேம் ஒரேயடியாக மெதுவாகாது. நன்றாகப் போய்க்கொண்டே இருந்து திடீர் திடீரென்று நின்று நின்று போகும், அதுதான் அதிக எரிச்சல். 4050 இவை எல்லாவற்றையும்விடத் தெளிவாக ஒரு படி மேலே. பண்டிகை விற்பனையில் அது பட்ஜெட்டுக்குள் இறங்கி வந்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

இப்போது வாட். ஒரே 3050 கார்டை 35 வாட்டிலிருந்து 80 வாட் வரை எந்த அளவிலும் ஓட்டிக்கொள்ள என்விடியா அனுமதிக்கிறது. 4050க்கு அதே கணக்கு 35இலிருந்து 115 வாட். குறைந்த வாட் கொடுத்த கார்டு, லோ வோல்டேஜில் சுற்றும் ஃபேன் மாதிரி: பெயர் அதேதான், காற்று வராது. மெல்லிய, எடை குறைந்த லேப்டாப்களில் பெரும்பாலும் வாட்டைக் குறைத்துத்தான் வைப்பார்கள், இல்லையென்றால் சூடு தாங்காது. அதனால் முழு வாட் கிடைக்கும் 3050, குறைந்த வாட்டில் ஓடும் 4050க்குப் பக்கத்தில் சில கேம்களில் வந்துவிடக்கூட வாய்ப்பு உண்டு.

எங்கே பார்ப்பது? கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்த மாடலின் முழு விவரப் பக்கத்தில் மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர் அல்லது டிஜிபி என்று போட்டிருப்பார்கள். கடையில் டெமோ பீஸ் இருந்தால், என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனை அழுத்துங்கள், அதிலும் காட்டும். இரண்டும் முடியாவிட்டால் சார்ஜரைப் புரட்டிப் பாருங்கள். அவுட்புட் என்ற வரியில் வோல்ட், ஆம்ப் இரண்டும் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட். 20 வோல்ட், 6 ஆம்ப் என்றால் 120 வாட். 20 வோல்ட், 7.5 ஆம்ப் என்றால் 150 வாட். பிராசசருக்கும் கார்டுக்கும் திரைக்கும் சேர்த்து இதிலிருந்துதான் பிரித்துக் கொடுக்க வேண்டும். கார்டு போட்ட லேப்டாப்போடு 90 வாட் சார்ஜர் வந்தால், கார்டுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கார்டே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் ஏஎம்டியின் ரேடியான் 680எம் அல்லது 780எம் உள்ளே இருக்கும் ரைசன் 7 லேப்டாப்களைத் தேடுங்கள். எடை குறைவு, பேட்டரி அதிகம், வாலரண்டுக்கும் தாராளம். ஆனால் அதில் ராம் இரண்டு சேனலில் இருந்தாக வேண்டும். ஏன் என்று ராம் பகுதியில் சொல்கிறேன்.

பிராசசர்: எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும்

ஏஎம்டியின் 7000 வரிசையில் மூன்றாவது எண்தான் முக்கியம். ரைசன் 5 7520யு என்பதைப் பாருங்கள். 7 என்று தொடங்குவதால் புதியது போலத் தெரியும். மூன்றாவது எண் 2, அதாவது ஜென் 2. 2019இல் வந்த வடிவமைப்பு. நாலே கோர் (ஒரே நேரத்தில் வேலை செய்யும் பகுதிகள்). 7535எச்எஸ் என்றால் மூன்றாவது எண் 3, ஆறு கோர், கேமுக்குத் தாராளமாகப் போதும். 7640எச்எஸ் என்றால் 4, இன்னும் புதியது.

இன்டெலில் கடைசி எழுத்தைப் பாருங்கள். யு என்று முடிந்தால் பேட்டரி மிச்சம் பிடிப்பது, எச் என்று முடிந்தால் வேகத்துக்கானது. ஐ5 12450எச், 13420எச் இரண்டும் இந்த விலையில் அடிக்கடி வருபவை, எட்டு கோர், நம்பி எடுக்கலாம். ஐ3 என்305 மாதிரி என் என்ற எழுத்து முன்னால் வருபவற்றைக் கேமுக்கு எடுக்க வேண்டாம்.

ஐ7தான் வேண்டும் என்று பெற்றோர் பலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். இந்த விலையில் ஐ5க்கும் ஐ7க்கும் நடுவே உள்ள பணத்தைத் திரைக்கோ ராமுக்கோ போட்டால் நாலு வருஷமும் அதன் பலன் கண்ணுக்குத் தெரியும்.

ராமும் எஸ்எஸ்டியும்

16 ஜிபி. இதில் சமரசம் வேண்டாம். விண்டோஸ் 11, குரோமில் பத்து டேப், பின்னால் டிஸ்கார்டு என்று திறந்தாலே 8 ஜிபி நிரம்பிவிடுகிறது.

முன்பெல்லாம் 8 ஜிபியோடு வாங்கி, பிறகு வெளியில் ராம் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், மலிவாக முடியும் என்று சொல்வோம். அந்தக் கணக்கு இப்போது செல்லாது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. வாங்கும்போதே 16 ஜிபி உள்ளதை எடுப்பதுதான் இப்போது லாபம்.

அந்த 16 எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். 8 ஜிபி குச்சி இரண்டாக இருந்தால் பிராசசர் இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் படிக்கும். ஒரே 16 ஜிபி குச்சி என்றால் ஒரு பாதைதான். தனி கார்டு உள்ள லேப்டாப்பில் இதனால் ஓரளவு வேகம் குறையும். கார்டு இல்லாத லேப்டாப்பில் பெரிய அடியே விழும், ஏனென்றால் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் இந்த ராமைத்தான் தன் மெமரியாகப் பயன்படுத்துகிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியை அழுத்தினால் எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். சில மெல்லிய லேப்டாப்களில் ராமைப் போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள், பிறகு மாற்றவே முடியாது. அப்படிப்பட்டதில் 8 ஜிபி இருந்தால் அந்த லேப்டாப்பை விட்டுவிடுங்கள்.

கோப்புகளையும் கேம்களையும் சேமிக்கும் எஸ்எஸ்டி, வேகமான என்விஎம்இ வகையில் 512 ஜிபி இருக்கட்டும். ஜிடிஏ 5 ஒன்றே 100 ஜிபிக்கு மேல் கேட்கும் என்பதால் இன்னொரு எஸ்எஸ்டி பொருத்த இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள்.

திரையில்தான் அதிகம் ஏமாறுகிறோம்

144 ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளே என்று பெட்டியின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். அது திரை ஒரு நொடியில் எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பது மட்டும்தான். நிறம் எப்படி, வெளிச்சம் எவ்வளவு என்பதை அது சொல்லாது. மலிவு கேமிங் லேப்டாப் பலவற்றில் 250 நிட்ஸ் வெளிச்சமும் 45 சதவீதம் என்டிஎஸ்சி (திரை எத்தனை நிறங்களைக் காட்டும் என்பதன் அளவு) நிறமும் கொண்ட பேனலைப் போட்டுவிடுகிறார்கள். நிறங்கள் வெளிறித் தெரியும், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் எழுத்தே மங்கலாக இருக்கும். கேமின் இருட்டுக் காட்சிகளில் அசைவுக்குப் பின்னால் நிழல் இழுத்துக்கொண்டு வருவதும் இத்தகைய பேனல்களில் சகஜம்.

கடையிலேயே சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. உங்கள் போனில் வீட்டு விசேஷத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கும், நெற்றியில் குங்குமம், சிவப்புப் பட்டுப் புடவை எல்லாம் தெரிகிற மாதிரி. அதை லேப்டாப்பில் திறந்து போனைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போனில் அரக்குச் சிவப்பாக இருக்கும் புடவை லேப்டாப்பில் செங்கல் நிறமாகத் தெரிந்தால் அதுதான் 45 சதவீதப் பேனல். பிறகு திரையை முன்னும் பின்னும் சாய்த்து, பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். விவரப் பட்டியலில் 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி (இது வேறொரு நிற அளவுகோல்), 300 நிட்ஸ் என்று இருந்தால் நிம்மதியாக எடுக்கலாம்.

நாலு வருஷம் தினமும் பல மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கப் போவது இந்தத் திரையைத்தான். ராம் கூட்டலாம், எஸ்எஸ்டி மாற்றலாம். திரையை யாரும் மாற்றுவதில்லை. 3050 கார்டோடு நல்ல திரையும், 4050 கார்டோடு மோசமான திரையும் ஒரே விலையில் கிடைத்தால், வாலரண்டும் படிப்பும்தான் முக்கியம் என்கிற மாணவருக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். தெளிவு 1920 பெருக்கல் 1080 போதும். அதற்கு மேலே போனால் இந்தக் கார்டுகளுக்குச் சுமைதான்.

சூடு, பேட்டரி, எடை

கேமிங் லேப்டாப் என்றால் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், சார்ஜர் தனி. பஸ்ஸில் போய்வருபவர்கள் பையில் போட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பேட்டரி 50 முதல் 60 வாட்-அவர் இருந்தால் குறிப்பு எடுப்பது, பிடிஎஃப் படிப்பது போன்ற வேலைக்கு நாலைந்து மணி நேரம் எதிர்பார்க்கலாம். பேட்டரியில் கேம் ஆடினால் வேகம் பாதியாக இறங்கிவிடும், சார்ஜும் ஒரு மணி நேரத்தைச் சுற்றித்தான் நிற்கும்.

டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்று கட்டாயம் கேளுங்கள். ஏறும் என்றால், கல்லூரிக்குச் சின்ன 65 வாட் சார்ஜரை எடுத்துப் போய்விட்டு, அந்தக் கனமான சார்ஜரை அறையிலேயே கேமுக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லா மாடலிலும் இந்த வசதி இருக்காது. டைப்-சி துளை இருப்பதும் அதில் சார்ஜ் ஏறுவதும் வேறு வேறு.

நம் ஊர்க் கோடையில் ஏசி இல்லாத அறையில் கேம் ஆடினால் உள்ளே 90 டிகிரியைத் தாண்டுவது வழக்கம்தான். அதற்கு மேலே போகும்போது பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அடியில் காற்றுத் துளைகள் தாராளமாக இருக்கின்றனவா, சூடான காற்று வெளியேற இரண்டு பக்கமாவது வழி இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். மெத்தை மேல் வைத்து ஆடக் கூடாது, துளைகள் அடைந்துவிடும்.

பழையது வாங்கலாமா?

படிப்புக்கு மட்டும் என்றால் வாங்கலாம். கம்பெனிகள் கழித்துவிடும் திங்க்பேட், லாட்டிட்யூட் வகை லேப்டாப்கள் உறுதியானவை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். கேமிங் லேப்டாப்பைப் பழையதாக வாங்குவது வேறு கதை. சூட்டிலேயே ஓடித் தேய்ந்தது, பேட்டரி பாதி போயிருக்கும், வாரண்டியும் இருக்காது. தெரிந்தவரிடமிருந்து, பில்லோடு, வாரண்டி மிச்சமிருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

வாங்கும் நாள்

லெனோவோ எல்ஓக்யூ, ஹெச்பி விக்டஸ், அசூஸ் டஃப், ஏசர் நைட்ரோ வி என்று இந்த விலையில் சில வரிசைகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். எது நல்லது என்று வரிசைப் பெயரை வைத்துக் கேட்டால் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு வரிசையிலும் பல வகைகள் இருக்கும். பெயர் ஒன்றே, உள்ளே திரை வேறு, வாட் வேறு, ராம் வேறு. பெட்டியிலும் லேப்டாப்பின் அடியிலும் எழுத்தும் எண்ணுமாக முழு மாடல் நம்பர் இருக்கும். கடைசி எழுத்து வரை அதைக் கேட்டு வாங்கி, கம்பெனி தளத்தில் தேடுங்கள். யூடியூபில் விமர்சனம் பார்த்தாலும் அந்த நம்பரும் உங்களுக்குக் கிடைக்கப்போகும் நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

அவசரம் இல்லையென்றால் தீபாவளிக்கு முந்தைய ஆன்லைன் விற்பனை வரை காத்திருங்கள். கல்லூரி திறக்கும் மாதங்களிலும் மாணவர் சலுகைகள் வரும். வங்கிக் கார்டுத் தள்ளுபடி பெரிதாக இருக்கும், அதனால் வீட்டில் யாரிடம் எந்த வங்கி கிரெடிட் கார்டு இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். நோ காஸ்ட் இஎம்ஐ எடுத்தால், வங்கி போடும் வட்டியை விற்பவர் விலையில் கழித்துத் தருவார். ஆனால் அந்த வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும்.

கடையில் வாங்குவதில் கையில் தொட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறி இறங்கினாலே விலை புரிந்துவிடும். ஆன்லைன் விலையைப் போனில் காட்டிக் கேளுங்கள். கொஞ்சம் கூடுதலாகச் சொன்னாலும், பிரச்சினை வந்தால் நேரில் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லேப்டாப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அதை மிச்சம் பிடிக்கப் போய் வாரண்டியை இழக்க நேரிடும். டாஸ் போட்ட லேப்டாப் விலை குறைவாக இருந்தால், அதில் விண்டோஸ் இல்லை என்று பொருள், அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

பணம் கட்டும் முன், உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளை என்றால், கீழே விழுந்தாலோ தண்ணீர் கொட்டினாலோ உதவும் விபத்துப் பாதுகாப்புத் திட்டத்தையும் சேர்த்து எடுப்பது நல்லது. சாதாரண வாரண்டி அதற்கெல்லாம் வராது.

வந்த பிறகு முதல் வாரம்

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியின் சீல் தெரியும்படி தொடங்கி, லேப்டாப் ஆன் ஆகும் வரை ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரண்டி தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள். தவறாக இருந்தால் பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம். திரையில் முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சிவப்புப் படங்களைப் போட்டு, புள்ளி ஏதும் செத்திருக்கிறதா என்று தேடுங்கள். எல்லாக் கீகளையும் அழுத்திப் பாருங்கள்.

பிறகு விண்டோஸ் அப்டேட்டும் கிராஃபிக்ஸ் டிரைவரும் போட்டுவிட்டு, சார்ஜரில் மாட்டி, உங்களுக்குப் பிடித்த கேமை அரை மணி நேரம் தொடர்ந்து ஆடுங்கள். லேப்டாப் அணைந்துவிடுகிறதா, எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் வரும் காட்சிகளின் எண்ணிக்கை) பாதியாக இறங்குகிறதா, ஃபேனிலிருந்து கரகர சத்தம் வருகிறதா? வந்தால் அன்றைக்கே புகார் கொடுங்கள். மாற்றித் தரும் அவகாசம் பெரும்பாலும் சில நாட்கள்தான், அதன் பிறகு சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். வாலரண்ட் திறக்காமல் பிழை காட்டினால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் 11இல் அதற்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆன் ஆகியிருக்க வேண்டும், விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸில் போய் மாற்றிக்கொள்ளலாம்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்கும் முன் கல்லூரி இமெயில் வரும் வரை பொறுங்கள். ஆட்டோடெஸ்க் தன் மென்பொருள்களை மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. கல்லூரி பதிவு செய்திருந்தால் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸும் இலவசம். திருட்டு மென்பொருளைப் போட்டு வைரஸைக் கூட்டி வரத் தேவையே இல்லை.

அப்புறம் பேட்டரி. மேசையில் எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்பில் பேட்டரி சீக்கிரம் தேயும். லெனோவோ வான்டேஜ், மைஅசூஸ் மாதிரி கம்பெனியின் சொந்த செயலியில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கும், அதை ஆன் செய்துவிடுங்கள். வெளியூர் போகும் நாளில் மட்டும் 100க்கு மாற்றிக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஃபேன் தூசியைச் சுத்தம் செய்யுங்கள். வாரண்டி இருக்கும்போது திறக்கலாமா என்று சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திறங்கள்.